ஏழாம் எண்ணில் யாரும் இல்லை

மூன்று பேர் சேர்ந்து எனக்கு நான்கு குரல் செய்திகள் அனுப்பியிருக்கிறீர்கள். நான்காவதில் லாரி ஹாரன் மட்டும்தான் கேட்கிறது. ஒரகடம் கூட்ரோட்டில் நின்றுகொண்டு பேசியிருப்பீர்கள். மற்ற மூன்றையும் இரண்டிரண்டு முறை கேட்டேன். உங்கள் கேள்வி இதுதான்: நம் ஆய்வில் வேலைநிலை பற்றிய கேள்விக்கு ஏழாவதாக இருக்கும் விடையை இப்போதெல்லாம் யாருமே சொல்வதில்லை. எடுத்துவிட்டால் நேர்காணல் கொஞ்சம் சுருங்கும். எடுக்கலாமா?

ஓய்வுபெற்றவனிடமும் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று தோன்றியதே, அது உங்கள் நல்ல குணம். எடுக்கலாம், வேண்டாம் என்று ஒரு சொல்லில் பதில் அனுப்பத்தான் முயன்றேன். முடியவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். குன்றத்தூரில் எனக்கு வேறு வேலையும் இல்லை. மலைக்கோயில் படிகளை ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம் எண்ணியாகிவிட்டது. இரண்டு கணக்கும் ஒத்துப்போகாதது தனி எரிச்சல்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். நம்முடைய ஆய்வு இங்கே பிறந்ததல்ல. ஐரோப்பாவில் வேலைகளும் வேலையாட்களும் எப்படி மாறுகிறார்கள் என்று பார்க்கிற ஒரு நிறுவனம் அதை அங்கே ஒரு சிறு நகரத்தில் தொடங்கியது. அந்த நகரத்துக் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒரு லைனை மூடினார்கள். இயந்திரங்கள் கப்பலேறி ஒரகடத்துக்கு வந்து சேர்ந்தன. அங்கே வேலை போனவர்கள் என்ன ஆனார்கள், இங்கே வேலை கிடைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று, இரண்டு பக்கமும் அதே ஆட்களைச் சுற்றுக்குச் சுற்று சந்தித்துக் கேட்கவேண்டும். அங்கே மார்த்தா என்ற பெண்மணி பொறுப்பு. இங்கே நம் மையம். களப்பணி என் தலையில்.

கேள்விகள் அங்கிருந்து வந்தன. நான் தமிழில் ஆக்கினேன். வேலைநிலைக்கு அப்போது ஆறு விடைகள்தான். வேலையில் இருப்பவர், சொந்தத் தொழில் செய்பவர், வேலை தேடுபவர், படிப்பவர், ஓய்வுபெற்றவர், இவை எதிலும் சேராத மற்றவர். ஆறுக்குள் உலகத்தையே அடக்கிவிடலாம் என்று நானும் நம்பினேன்.

முதல் சுற்றில் சேரப்பணஞ்சேரிக்குப் போனேன். லூர்தம்மா என்பவர் தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே வரிசையாக ஆறு அறைகள் கட்டி, தொழிற்சாலைப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். நான் முதலில் வாசல்களில் கிடந்த செருப்புகளை எண்ணினேன். அறைக்கு எத்தனை பேர் என்று கேட்டால் வீட்டுக்காரர்கள் குறைத்துத்தான் சொல்வார்கள். செருப்பு குறைத்துச் சொல்லாது.

"இன்னா சார், செருப்பயே மொறைச்சிக்கினு கீற?" என்றார் லூர்தம்மா. "காணாமப் போனா எம்மேல கம்ப்ளெயிண்டு குடுக்கப் போறியா?"

"ரூமுக்கு மூணு பேர்னு சொன்னீங்க. இங்க அஞ்சு ஜோடி கிடக்கே."

"ரெண்டு ஜோடி வாரு அந்தது சார். தூக்கிப் போட மனசு வராம வச்சிக்கினு கீதுங்க. அதுக்கும் சேத்து வாடகை வாங்கவா?"

அறைக்குள்ளிருந்து சிரிப்பு கேட்டது. முதலில் வெளியே வந்தவள்தான் இசக்கியம்மாள். சங்கரன்கோவில் பக்கம். கப்பலேறி வந்த அந்த லைனில், குழாய்களில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும் இடத்தில் வேலை பார்த்தவள். கணவன் இல்லை. மகள் ஊரில் அண்ணன் வீட்டில் இருந்தாள். எங்கள் பட்டியலில் அவள் பெயர் இருந்ததால் அவளிடம்தான் முதலில் உட்கார்ந்தேன்.

"கடந்த ஒரு வாரத்தில் ஒரு மணி நேரமாவது சம்பளத்துக்கு வேலை செய்தீர்களா?"

"இல்ல சார்."

"கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடினீர்களா?"

"நான் எதுக்கு சார் தேடணும்? எனக்குத்தான் வேல இருக்குல்லா."

"போன வாரம் வேலைக்குப் போகலைன்னு இப்பதானேம்மா சொன்னீங்க?"

"பிரேக்ல இருக்கேன் சார்."

இந்த பிரேக்கை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். அதனால் சொல்கிறேன். ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவர்களைத் தொடர்ந்து வைத்திருந்தால், அவர்கள் ஒருநாள் நிரந்தரம் கேட்பார்கள். ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை, "பிரேக் எடுத்துக்கோங்க, போன் வரும்" என்று அனுப்பிவிடுவார்கள். எழுத்தில் ஒன்றும் இருக்காது. சம்பளமும் இருக்காது. ஆனால் போன் வரும். மறுநாள் காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி கேட்டில் நிற்கவேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு. அதனால் ஊருக்குப் போகமுடியாது. வேறு இடத்தில் சேர்ந்தது தெரிந்தால் போன் வராது. அறையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இசக்கிக்கு அது மூன்றாவது பிரேக். முன்பு இரண்டு முறையும் போன் வந்திருந்தது.

என் பேனா ஆறாவது விடைக்கு மேலே நின்றது. வேலை செய்யவில்லை, தேடவும் இல்லை. வரையறைப்படி அவள் மற்றவர்.

"எதுல சார் போடுதீங்க?" என்று எட்டிப் பார்த்தாள்.

சொன்னேன். அதில் வேறு யாரெல்லாம் வருவார்கள் என்று கேட்டாள். நோயாளிகள், வேலை செய்ய விருப்பம் இல்லாதவர்கள் என்று அதையும் சொன்னேன். அறைத்தோழிகள், "ஏளா இசக்கி, நீ சீக்காளியாம்ளா" என்று கேலி செய்தார்கள். அவளும் முதலில் சிரித்தாள். பிறகு முகம் மாறிவிட்டது.

"சார், நான் வேல செய்ய விருப்பம் இல்லாதவளா? இந்தப் போன வச்சுக்கிட்டு பாத்ரூமுக்குக்கூட நிம்மதியாப் போவ முடியல. வேல இல்லாதவன்னும் போடாதீங்க, மத்தவன்னும் போடாதீங்க. பிரேக்ல இருக்கேன், கூப்பிடுவாவ. அப்படி எழுதுங்க."

"அப்படி ஒரு விடை இதுல இல்லம்மா."

"இல்லைன்னா சேக்க வேண்டியதுதான? நீங்கதான எழுதுதீங்க?"

லூர்தம்மாவும் சேர்ந்துகொண்டார். "நல்லா கேளு இசக்கி. எண்ணத் தெரிஞ்சா மட்டும் போதுமா? எங்க சேக்கறதுன்னு தெரிய வாணாமா?" என்றவர் என்னிடம் திரும்பி, "போன் வந்துச்சுன்னா ஜூன்ல பொண்ண இட்டுக்கினு வந்துருவா சார். ஸ்கூல் சிஸ்டராண்ட சொல்லி வச்சிட்டேன். கடைசி ரூம இவங்க ரெண்டு பேருக்கும் ஒதுக்கிட்டேன்" என்றார்.

அந்த வரிசையில் பிரேக்கில் இருந்த பெண்களை எண்ணினேன். அடுத்த தெருவிலும் போய் எண்ணினேன். அத்தனை பேரையும் மற்றவர் என்று எழுதினால், ஐரோப்பாவில் அறிக்கையைப் படிக்கிறவர்கள் இந்த ஊர்ப் பெண்கள் வேலைக்குப் போவதிலிருந்து விலகிக்கொள்கிறார்கள் என்று முடிவு கட்டுவார்கள். ஏன் விலகுகிறார்கள் என்று தனியாக ஒரு கட்டுரையும் எழுதுவார்கள்.

எங்கள் மையத்தின் தலைவி என்னைவிட வயதில் சிறியவர், அனுபவத்தில் பெரியவர். அவரிடம் போய்ச் சொன்னேன். ஏழாவதாக ஒரு விடை வேண்டும் என்றேன். அவர் மேசை மேலிருந்த தம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்:

"நீங்க சொல்றது சரி சார். சரியா இருக்கறதாலதான் யோசிக்கிறேன். இந்தக் காத்திருப்புக்கு இப்ப பேர் இல்ல. பேர் வச்சா, இவங்க யாரோட ஆட்கள்னு ஒருத்தர் கேப்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவங்க என்ன செய்வாங்கன்னு நமக்குத் தெரியாது."

"தெரியாதுங்கறதுக்காகத் தப்பா எழுதலாமா மேடம்?"

"வேணாம். எழுதுங்க. ஆனா என்ன நடந்தாலும் அடுத்த சுற்றுக்கு அந்தப் பொண்ணு வீட்டுக்கு நீங்கதான் போகணும். வேற யாரையும் அனுப்பக் கூடாது."

அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கே மார்த்தாவோடு காணொளிக் கூட்டம். இதே கேள்விகளை வைத்து ஆய்வு செய்யும் மற்ற நாட்டுக் குழுக்களும் இருந்தன. திரையில் ஒன்பது கட்டங்கள், ஒன்பது முகங்கள். கேள்விகளில் திருத்தம் இருந்தால் அன்று மாலைக்குள் முடித்துவிட வேண்டும். எனக்குக் கொடுத்தது ஐந்து நிமிடம். புதிதாக ஒரு விடையைச் சேர்த்தால் எல்லா நாட்டிலும் சேர்க்கவேண்டும், மற்ற நாடுகளில் முன்பே முடிந்த சுற்றோடு ஒப்பிட முடியாது என்று ஒருவர் ஆரம்பித்தார். அவருடைய கவலையும் நியாயம்தான்.

நான் அவர்கள் ஊரையே எடுத்துக்கொண்டேன். அங்கே ஆர்டர் குறைந்தால் தொழிலாளியைக் கொஞ்ச காலம் வீட்டில் இருக்கச் சொல்வார்கள், சம்பளத்தில் ஒரு பகுதி வந்துகொண்டிருக்கும், பெயர் கம்பெனிப் பதிவிலேயே இருக்கும் என்று மார்த்தா எனக்கு முன்பு விளக்கியிருந்தார். "உங்கள் ஊரில் வீட்டில் உட்கார்ந்திருப்பவரை வேலையில் இருப்பவர் என்று எழுதுகிறீர்கள்," என்றேன். "அதே கம்பெனி, அதே இயந்திரம். இங்கே வீட்டில் உட்கார்ந்திருப்பவள் மட்டும் வேலை செய்ய விருப்பம் இல்லாதவளா?"

மார்த்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, சேர்த்துக்கொள்வோம் என்றார். ஏழு: வேலை நிறுத்தி வைக்கப்பட்டு, திரும்ப அழைப்பதாகச் சொன்னதன் பேரில் காத்திருப்பவர்.

உத்தியோக வாழ்க்கையில் நான் ஜெயித்த விவாதங்களை விரல்விட்டு எண்ணலாம். எண்ணியும் இருக்கிறேன். அவற்றில் இதுதான் பெரியது. மறுநாளே சேரப்பணஞ்சேரிக்குப் போய்ச் சொன்னேன். இசக்கிக்குச் சந்தோஷம்.

"ஏழா சார்? லைன்ல நம்ம ஸ்டேஷனும் ஏழுதான். கம்பெனிக்காரன் மறந்தாலும் நீங்க எழுதி வச்சிருக்கீங்க" என்றாள். லூர்தம்மா காபி கொடுத்தார். அத்தனை பேரையும் ஆறிலிருந்து ஏழுக்கு மாற்றினேன்.

நடந்தது இதுதான். அறிக்கை வந்தது. அந்த ஐரோப்பிய நகரத்தில் கம்பெனியின் தலைமையிடத்து ஆட்களையும் தொழிலாளர் பிரதிநிதிகளையும் ஒன்றாக உட்காரவைத்து அதைப் படித்தார்கள். பிரதிநிதிகளில் ஒருவர் ஏழாம் எண்ணில் விரல் வைத்துக் கேட்டாராம்: இவர்கள் யாருடைய ஆட்கள்? நம்முடைய ஆட்கள் என்றால், வீட்டில் இருக்கும்போது எங்களுக்குக் கிடைப்பது இவர்களுக்கு ஏன் கிடைப்பதில்லை? மார்த்தா இதை எனக்கு மகிழ்ச்சியோடு எழுதியிருந்தார். நானும் மகிழ்ந்தேன். தன் லைனைப் பறிகொடுத்த ஊர்க்காரர், அது போய்ச் சேர்ந்த ஊரின் பெண்களுக்காகக் கேட்டிருக்கிறார். இதைவிட வேறு என்ன வேண்டும்?

தலைமையிடம் அந்தக் கேள்வியை ஒரகடத்துக்கு அனுப்பியது. ஒரகடம் வழக்கறிஞரிடம் கேட்டது. பிறகு என்ன முடிவானது என்பதை எனக்குச் சொன்னவர், ஆள் எடுத்துக் கொடுக்கும் அலுவலகத்தில் போன் போடுகிற மனிதர். வேறு ஒரு நேர்காணலுக்காக அவரிடம் போயிருந்தேன்.

"இப்பல்லாம் பழைய ஆளுங்க யாரையும் கூப்பிடறதில்ல சார். மேலேர்ந்து ஆர்டர். ஏற்கெனவே வேலை பாத்தவங்க வேணாம், புதுசா எடு, கூப்பிடறோம்னு யார்கிட்டயும் வாயாலகூட சொல்லாத, அப்படின்ட்டாங்க. எங்கியோ ஃபாரின்ல சர்வே எடுத்து, வெயிட்டிங்ல ஆள் கீதுன்னு எழுதிட்டாங்களாம். எவனோ வேல இல்லாதவன் பண்ண வேல சார்."

அவர் எனக்கு டீ சொன்னார். குடித்தேன். அந்த எவனோ நான்தான் என்று சொல்லவில்லை. அவரிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. சொல்லவேண்டிய இடம் வேறு.

இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். இசக்கி தன்னை உள்ளபடி எழுதச் சொன்னாள். நான் உள்ளபடி எழுதினேன். பிரதிநிதி நியாயமாகக் கேட்டார். தலைமையிடம் விசாரித்தது. கடைசியில் நின்ற ஒரகடத்து நிர்வாகத்தார், பொறுப்பை ஏற்பதைவிட அழைப்பதாகச் சொல்லும் வாக்கை நிறுத்துவது சுலபம் என்று கண்டுகொண்டார்கள். பிரேக் நின்றுவிடவில்லை. முடிந்ததும் வருகிற போன்தான் நின்றது.

இரண்டாம் சுற்றுக்குத் தலைவி சொன்னபடி நானே போனேன். பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. கடைசி அறையில் வேறு யாரோ குடியிருந்தார்கள். லூர்தம்மா என்னைப் பார்த்ததும் வழக்கம்போல் வாயைத் திறந்தார், கிண்டல் வரவில்லை. "உள்ள கீது, போ" என்றார்.

உட்கார்ந்ததும் கேள்விகளுக்குப் போகாமல் இசக்கியிடம் சொன்னேன். "அம்மா, வெளிநாட்டு சர்வேன்னு பேசிக்கிறாங்களே, அது நாங்கதான். அந்த ஏழு."

அவள் கையில் போன் இருந்தது.

"நாந்தான சார் எழுதச் சொன்னேன்" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு அவளே, "கேளுங்க சார், நேரமாச்சு" என்றாள். கேட்டேன். கடந்த ஒரு வாரத்தில் வேலை இல்லை. கடந்த நான்கு வாரங்களில் தேடினாள். இருங்காட்டுக்கோட்டை வரை போய்வந்தாள். யாராவது திரும்ப அழைப்பதாகச் சொன்னார்களா?

"சொல்லல. ஆனா கூப்பிடுவாவன்னுதான் இருக்கேன். ஏழுலயே போடுங்க சார்."

அந்தச் சில விநாடிகளைத்தான் உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழுக்கு வரையறை எழுதியவனே நான்தான். யாராவது அழைப்பதாகச் சொல்லியிருக்கவேண்டும். யாரும் சொல்லவில்லை. வேறு வேலையும் தேடியிருக்கிறாள். மூன்று: வேலை தேடுபவர். அவள் பார்த்துக்கொண்டிருக்க மூன்றில் குறியிட்டேன். பொய்க் கணக்கு எழுதக்கூடாது என்பது சரி. இன்றும் அதையே சொல்வேன். ஆனால் அவள் இப்போதுதான் எங்கள் வரையறைக்குள் ஒரு குறையும் இல்லாமல் அடங்கினாள்.

புறப்படும்போது ஒரு செய்தி சொன்னாள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனி விடுதியிலேயே தங்கவேண்டும். "பிள்ளைய வச்சிக்க விடமாட்டாவ. அங்கனயே படிக்கட்டும்" என்றாள்.

அந்தச் சுற்றின் முடிவில் மார்த்தாவிடமிருந்து வந்த கடிதத்தில் ஒரு வரி: ஏழாம் எண் ஏறக்குறைய காலியாகிவிட்டது, அந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? என்ன நடந்தது என்று நீளமாக எழுதினேன். அவரும் நீளமாக, வருத்தப்பட்டுப் பதில் எழுதினார். நல்ல மனுஷி. ஆனால் வரைபடத்தில் அதை எப்படிக் காட்டுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் சுற்று, நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசிச் சுற்று, தொலைபேசியில் நடந்தது. விடுதிகளுக்குள் நம்மை விடுவதில்லை. இசக்கியின் எண்ணை நானே எடுத்துக்கொண்டேன். இந்தப் பக்கம் வருகிறவர்கள் மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுவார்கள். அவள் மட்டும் பழைய எண்ணையே வைத்திருந்தாள். மையத்தின் மேசைத் தொலைபேசியிலிருந்து அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"வணக்கம், இசக்கியம்மாளா?" என்று கேட்டுவிட்டு, காகிதத்தைச் சரிசெய்ய ஒரு மூச்சு நிறுத்தினேன்.

"ஆமா சார், இசக்கியம்மாதான். லீக் டெஸ்ட், ஏழாவது ஸ்டேஷன். நாளைக்கே வந்திருதேன் சார். காலை ஷிஃப்டா?"

பின்னால் கேண்டீன் தட்டுகளின் சத்தம் கேட்டது. வேறு கம்பெனியின் கேண்டீன். மதிய இடைவேளையாக இருக்கவேண்டும்.

"அம்மா, நான்… எண்ண வருவேனே, அந்த சார்" என்றேன்.

"ஓ, சாரா?" என்றாள். குரலை எவ்வளவு சீக்கிரம் சரிசெய்துகொண்டாள். "கேளுங்க சார். சாப்பாட்டு நேரந்தான்."

எல்லாக் கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். கடந்த ஒரு வாரத்தில் வேலை செய்தாள். ஒன்று: வேலையில் இருப்பவர். முதல் சுற்றில் ஏழு, இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் ஒன்று. வேலையை உச்சியில் வைக்கும் வரைபடத்தில் அது மேலே ஏறும் கோடு. அடுத்த சுற்றுகளில் நீங்களும் அவளை ஒன்றில்தான் எழுதியிருப்பீர்கள். சரிதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஏழாவதை எடுக்காதீர்கள் என்று வாதாட என்னிடம் ஒன்றுமில்லை. வரையறைப்படி அதில் யாரும் இல்லை. எடுத்துவிடுங்கள். யாரும் சொல்லாமலேயே காத்திருப்பவர்களுக்கு ஒரு விடை எழுத எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். எழுதியதை யார் படிப்பார்கள், படித்துவிட்டு என்ன செய்வார்கள் என்று அந்த வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை பேசிவிட்டு எழுதுங்கள்.

ஆனால் நம் கையேட்டில் தொலைபேசி நேர்காணலுக்கான முதல் வரியை மட்டும் மாற்றவேண்டும். முதலில் வணக்கம், பிறகு பெயரைச் சரிபார்த்தல், பிறகு நாம் யார் என்று சொல்வது என்று இருக்கிறது. அந்த வரிசையை எழுதியவனும் நான்தான். அதை அடித்துவிடுங்கள். எடுத்தவுடன், அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன், "ஆய்வு மையத்திலிருந்து பேசுகிறோம், கம்பெனியிலிருந்து இல்லை" என்று சொல்லிவிடுங்கள். பெயரைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். நடுவில் மூச்சு விடாதீர்கள்.